தகரப் பெட்டியும் பென்டிரைவும்

தோட்டங்களில் தகரப் பெட்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. சில வீடுகளில் அது பழைய பிஸ்கட் டின்னாக இருக்கும். சில வீடுகளில் பாட்டனார் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த டிரங்குப் பெட்டியாகவே இருக்கும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை, சொக்சோ கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். தீப்பிடித்தால் முதலில் எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள் என்று தாய்மார்களைக் கேட்டால், நகையைக் காட்டுவோரினும் இப்பெட்டியைக் காட்டுவோரே மிகுதி. பிறப்பைப் பதியாமல் விட்ட ஒரே குறையினால் அடையாளக் கார்டு இன்றி, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலைந்த குடும்பங்களை நாம் தோட்டந்தோறும் கண்டிருக்கிறோம். ஆதலின் இப்பெட்டியின் அருமையை நம் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆனால் இன்று அப்பெட்டி வீட்டை விட்டு வெளியேறிவிட்டது. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதிலுள்ள தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து, கட்டைவிரல் அளவுள்ள ஒரு பென்டிரைவில் அடக்கி, சாவிக் கொத்தில் மாட்டிக்கொண்டு திரிகின்றனர். பெட்டிக்கு மூடி இருந்தது. சிலர் பூட்டும் போட்டிருந்தனர். பென்டிரைவுக்கு மூடி உண்டேயொழியப் பூட்டு இல்லை. அதற்கும் பூட்டுப் போடும் முறை ஒன்று உண்டு என்பதையும், அப்பூட்டு எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற பள்ளி விடுமுறையின்போது, சிங்கப்பூரில் பிடோக் பகுதியில் அறையெடுத்துத் தங்கித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் நம் தமக்கையின் மகனைக் காணச் சென்றிருந்தோம். பிடோக் என்பது சிங்கப்பூரின் கிழக்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பெரியதொரு குடியிருப்பு நகரம். தொழுகைக்கு அழைக்க முழக்கிய பெருமுரசைக் குறிக்கும் மலாய்ச் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது என்பர். ஊரறியச் செய்தி சொல்லும் முரசின் பெயர் கொண்ட ஊரில், ஊர் அறியக்கூடாத செய்திகளைப் பற்றிய பாடம் ஒன்று நமக்குக் கிடைத்தது.

அன்று மாலை வேலை முடிந்து வந்த தம்பி, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, “பென்டிரைவைக் காணோம், மாமா” என்றார். காலையில் பேருந்து நிலையத்திற்கு அருகே உள்ள ஒரு நகல் கடையில் கடப்பிதழின் பக்கம் ஒன்றை அச்செடுத்ததாகவும், வேலைக்கு நேரமாகிவிட்டதால் விரைந்து கிளம்பியதாகவும் சொன்னார். கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. “பெரிதாக ஒன்றும் இல்லை மாமா. அசல் எல்லாம் அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் இருப்பவை வெறும் நகல்தாமே?” என்றார்.

அதில் என்னென்ன இருந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். குடும்பத்தார் அனைவரின் அடையாளக் கார்டு நகல்கள். தந்தையின் மரணப் பத்திரம். தந்தை விபத்தில் மறைந்தபின் தாய்க்கு மாதந்தோறும் வரும் சொக்சோ ஓய்வூதியத்தின் கடிதம். அத்தொகை சேரும் வங்கிக் கணக்கின் எண். இவற்றோடு, தாய் மறந்துவிடுவார் என்பதற்காக, அக்கணக்கை இணையம் வழித் திறக்கும் கடவுச்சொல்லையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்திருந்தார். இதைச் சொல்லும்போதுதான் தம்பியின் முகம் மாறிற்று.

உடனே கடைக்கு விரைந்தோம். கடைக்காரர் முதியவர், நல்லவர். “இப்படி விட்டுச் செல்வோர் வாரத்துக்கு ஒருவராவது உண்டு” என்று மலாயில் கூறி, மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஒன்பது பென்டிரைவுகள் கிடந்தன. தம்பியுடையது கறுப்பு நிறம். அவற்றுள் ஐந்து கறுப்பாகவே இருந்தன. கடைக்காரர் சற்றும் தயங்காமல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கணினியில் செருகித் திறந்து காட்டினார். முதலாவதில் யாருடைய திருமணப் படங்களோ இருந்தன. இரண்டாவதில் சம்பளச் சீட்டுகள். மூன்றாவதைச் செருகியதும் கணினி கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிட்டது. அது ஆண் உடையதா, பெண் உடையதா, அதில் பள்ளிக் கட்டுரை இருந்ததா, பணக் கணக்கு இருந்ததா, நமக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. நான்காவது தம்பியுடையது.

கண்டெடுத்த பென்டிரைவைக் கணினியில் செருகுவதே தவறு. அதனுள் நச்சு நிரல் இருக்கக்கூடும். அவசரத்தில் அதை நாமும் மறந்திருந்தோம். பிறர் வீட்டுத் திருமணப் படங்களைப் பார்த்த குற்றமும் நம்மைச் சேர்ந்தது. ஆயினும் அந்த மூன்றாவது பென்டிரைவே நம் நெஞ்சில் நின்றது. அதன் உரிமையாளர் இழந்தது ஒரு சிறு பொருளை மட்டுமே.

தம்பியின் பென்டிரைவு சுமார் பத்து மணி நேரம் பிறர் கையில் இருந்தது. அதற்குள் அதிலிருந்து யாரேனும் நகல் எடுத்தனரா என்பதை அறிய வழியில்லை. பொருள் களவு போனால் இடம் வெறுமையாகிவிடும், நாம் அறிந்துகொள்வோம். தரவு களவு போனாலோ, போனது போலவே இருக்கவும் இருக்கும். அன்றிரவே தாயைத் தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சொல்லை மாற்றினோம். மறுநாள் தாயார் வங்கிக்கும் சென்று நிலைமையைத் தெரிவித்து வந்தார்.

“வெறும் நகல்தாமே” என்ற தம்பியின் கேள்விக்கு இங்கே விடை கூறியாக வேண்டும். ஒருவரது அடையாளக் கார்டின் நகலும் வங்கி விவரமும் கிடைத்தால், ஏமாற்றுவோர் அவர் பெயரில் கடன் கேட்கலாம். அவர் பெயரால் கைப்பேசி எண் பெற முயலலாம். திருட்டுப் பணத்தைக் கடத்தும் ‘கெல்டாய்’ கணக்குக்கு அப்பெயரைப் பயன்படுத்தலாம். அன்றியும், தொலைபேசியில் அழைத்து, “அம்மா, உங்கள் கணவர் இன்ன தேதியில் காலமானார், உங்கள் சொக்சோ எண் இது, சரிதானே?” என்று கேட்கும் அந்நியனை அரசாங்க அதிகாரி என்று நம்பாத தாய் யார்? அசல் தாள் நமக்கு உரிமையைத் தருகிறது. நகலோ பிறனுக்கு நம் முகமூடியைத் தருகிறது. மலேசியாவில் இவ்வாறு ஏமாந்து பணம் இழந்தவர் உடனே தொடர்பு கொள்ள 997 என்ற எண் உள்ளது. 2022இல் தேசிய மோசடித் தடுப்பு மையம் அமைக்கப்பட்டபோது வந்த வசதி இது. இவ்வெண்ணைத் தகரப் பெட்டியின் மூடியின் உட்புறம் எழுதி ஒட்டி வைப்பது நன்று.

இந்தச் சிறு கருவியின் பெயருக்கே சிங்கப்பூருடன் தொடர்பு உண்டு. நாம் பென்டிரைவு என்கிறோம். அங்கே தம்டிரைவ் என்பர். ‘தம்டிரைவ்’ என்பது சிங்கப்பூரின் டிரெக் என்னும் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது சூட்டிய வணிகப் பெயர். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடைபெற்ற தொழில்நுட்பக் கண்காட்சியில் அது மக்களுக்குக் காட்டப்பட்டது. தொடக்கத்தில் வந்தவை 8 மெகாபைட் அளவே கொண்டவை. இன்று சந்தையில் எளிதில் கிடைக்கும் 64 ஜிகாபைட் கருவி அதைப்போல எண்ணாயிரம் மடங்கு கொள்ளும். ஒரு குடும்பத்தின் தகரப் பெட்டி என்ன, ஒரு தோட்டத்தின் அத்தனை தகரப் பெட்டிகளும் அதனுள் அடங்கிவிடும். கொள்ளளவு பெருகப் பெருக, ஒரு கைத்தவறலில் இழப்பதும் பெருகுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடவுச்சொல் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். 2007ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடந்த நிகழ்ச்சி இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. குழந்தைகளுக்கான உதவித் தொகை பெறும் குடும்பங்களின் விவரங்கள் அடங்கிய இரு குறுந்தட்டுகள், ஒரு வரி அலுவலகத்தினின்று தலைமைக் கணக்காய்வு அலுவலகத்துக்குச் சாதாரணத் தபால் போல அனுப்பப்பட்டு, வழியில் தொலைந்தன. 2 கோடியே 50 இலட்சம் பேரின் பெயர், முகவரி, பிறந்த நாள், பலரின் வங்கி விவரம் ஆகியவை அவற்றில் இருந்தன. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் இதை அறிவித்தார். துறைத் தலைவர் பதவி விலகினார். அத்தட்டுகளுக்குக் கடவுச்சொல் இருந்தது. மறையாக்கம் இல்லை.

இரண்டுக்கும் என்ன வேற்றுமை? முன்னாளில் கிராணியார் பால் நிறுவையை எழுதும் பேரேட்டை நினைத்துப் பாருங்கள். பேரேடு இருக்கும் அறை வாயிலில் ஒரு காவற்காரரை நிறுத்தலாம். பெயர் சொன்னால் உள்ளே விடுவார், சொல்லாவிடில் விடமாட்டார். கடவுச்சொல் மட்டும் உள்ள ஏற்பாடு இதுதான். சன்னல் வழி ஏறிக் குதித்தவனுக்கோ, பேரேட்டையே தூக்கிச் சென்றவனுக்கோ அந்தக் காவலினால் தடையில்லை. ஏட்டைப் புரட்டினால் எழுத்துகள் தெளிவாக இருக்கும். அதற்கு மாறாக, ஏட்டில் எழுதுவதையே பிறருக்குப் புரியாத எழுத்தாக மாற்றி எழுதிவிட்டால் என்ன? ஏட்டைத் தூக்கிச் சென்றாலும் பயனில்லை. எழுத்தையே மாற்றும் இந்த முறைக்குத்தான் மறையாக்கம் என்று பெயர்.

சிறு பிள்ளைகள் விளையாடும் முறை ஒன்றைக் கொண்டு இதை விளக்கலாம். தமிழ் மெய்யெழுத்துகள் பதினெட்டையும் வரிசையாக எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் அடுத்துள்ள எழுத்தை மாற்றி வைத்துக்கொள்வோம். மகரத்துக்கு யகரம், ரகரத்துக்கு லகரம். இப்போது ‘மரம்’ என்பது ‘யலய்’ ஆகிவிடும். ‘பால்’ என்பது ‘மாவ்’ ஆகும். முறை தெரிந்தவன் ஓரெழுத்துப் பின்னே நகர்த்தி எளிதில் படித்துவிடுவான், மற்றவர் விழிப்பர். எத்தனை எழுத்து நகர்த்தினோம் என்ற எண்தான் இப்பூட்டின் சாவி. பதினெட்டு எழுத்து உள்ள வரிசையில் பதினேழு விதமாகத்தான் நகர்த்த முடியும். ஆகவே பதினேழு சாவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் பொறுமையுள்ள பையன் ஒருவன் அரை மணியில் இப்பூட்டைத் திறந்துவிடுவான்.

கணினி செய்யும் மறையாக்கமும் அடிப்படையில் இத்தகையதே. ஆனால் சாவிகளின் எண்ணிக்கை வேறு. இன்று பெரும்பாலான கருவிகள் கையாளும் முறை பெல்ஜிய நாட்டு அறிஞர்களான ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்னும் இருவர் வகுத்தது. பல நாட்டு முறைகளைப் போட்டியில் சோதித்த பின், 2001ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசு அதைத் தன் தர முறையாக ஏற்றுக்கொண்டது. அம்முறையின் வலிய வகையில் எத்தனை சாவிகள் உண்டு என்பதை எழுதினால் 78 இலக்கங்கள் கொண்ட எண் வரும். உலகிலுள்ள கணினிகள் அனைத்தும் சேர்ந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தாலும் அதைத் திறந்து முடிக்க ஒருவர் ஆயுள் அல்ல, ஊழிகள் போதா. முறை எதுவென்பதில் இரகசியம் ஏதுமில்லை. அது உலகறிய அச்சிடப்பட்டுள்ளது. சாவி ஒன்றே இரகசியம்.

மறையாக்கம் செய்யாத பென்டிரைவில் கோப்பை அழித்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. கணினியில் அழித்தல் என்பது பெரும்பாலும் பேரேட்டின் பொருளடக்கத்தில் அப்பக்கத்தின் எண்ணை அடித்துவிடுவது போன்றதே. பக்கம் உள்ளேயே இருக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை அதை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. பழைய பென்டிரைவைப் பிறர்க்குக் கொடுப்போர் இதை நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி, பூட்டுப் போடுவது எப்படி? விண்டோஸ் கணினிகளில் ‘புரோ’ என்னும் பதிப்பில் ‘பிட்லாக்கர்’ என்ற வசதி உள்ளது. பென்டிரைவைச் செருகி, திரையில் அதன் பெயர் மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் ‘டர்ன் ஆன் பிட்லாக்கர்’ என்ற வரி தோன்றும். அதைத் தேர்ந்து, கடவுச்சொல்லை இருமுறை தட்டச்சு செய்தால் கணினி தானே வேலையைத் தொடங்கும். பென்டிரைவு பெரியதாயின் நேரமாகும். நடுவில் பிடுங்கிவிடக் கூடாது. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் உள்ள ‘ஹோம்’ பதிப்பில் இப்பூட்டைத் திறக்க முடியுமேயன்றிப் போட முடியாது. அத்தகையோர் ‘வெராகிரிப்ட்’ என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது சற்றுக் கடினம், படித்த பிள்ளைகளைக் கொண்டு ஒருமுறை செய்துகொள்வதே நன்று. பூட்டுவதற்கு முன் உள்ளேயிருப்பவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்வது முக்கியம்.

உடலிலேயே எண் பொத்தான்கள் உள்ள பென்டிரைவுகளும் விற்கப்படுகின்றன. பொத்தானில் எண்ணை அழுத்தினால்தான் திறக்கும்; பலமுறை தவறினால் உள்ளிருப்பதைத் தானே அழித்துவிடும். விலை சாதாரணக் கருவியைப்போலப் பல மடங்கு. விலையும் சான்றிதழும் இருப்பதாலேயே குறையிராது என்று எண்ணுதற்கில்லை. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பாட்டிம் ஆகிய பெயர்பெற்ற நிறுவனங்களின் சில பாதுகாப்புப் பென்டிரைவுகளில் ஜெர்மானிய வல்லுநர்கள் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டனர். மறையாக்கம் வலியதுதான், ஆனால் கடவுச்சொல் சரியா என்று பார்க்கும் வேலை கணினியில் இருந்த மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது. அதை ஏமாற்றினால் கதவு திறந்தது. அமெரிக்க அரசின் தரச்சான்று பெற்ற கருவிகள் அவை. நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. ஒன்று கருவிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆயினும் சாதாரணக் குடும்பத்தின் பூட்டு உடைவது இத்தகைய ஓட்டைகளால் அன்று, எளிய சாவியால்தான். நம் மக்களிடையே கடவுச்சொல்லாக அடையாளக் கார்டு எண்ணை வைக்கும் வழக்கம் மிகுதி. மலேசிய அடையாளக் கார்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். பிறந்த நாளும் ஊரும் தெரிந்தவனுக்கு மிச்சம் நான்கே இலக்கங்கள். அதாவது பதினாயிரம் சாவிகள், அவற்றிலும் பாதி கழிந்துவிடும். கணினிக்கு இது கண்சிமிட்டும் வேலை. கோவில் திருவிழாவில் நன்கொடைச் சீட்டில் கூட எழுதிக் கொடுக்கும் எண் எப்படி இரகசியமாகும்? சிங்கப்பூரிலும் 2024ஆம் ஆண்டின் இறுதியில், அரசாங்கத் தளம் ஒன்றில் மக்களின் முழு அடையாள எண்கள் எவரும் தேடிக் காணும்படி வெளிவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அடையாள எண் ஆளைக் குறிக்கும் பெயர் போன்றது, அதைக் கடவுச்சொல்லாகக் கொள்ளலாகாது என்பதை அந்நாட்டு அரசு அப்போது வலியுறுத்தியது.

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு மக்களுக்குக் கூறும் யோசனை எளியது. தமக்கு மட்டுமே நினைவிலுள்ள ஒரு நிகழ்ச்சியைச் சார்ந்த ஐந்து சொற்களைச் சேர்த்து, பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் கடவுச்சொல் அமைக்க வேண்டும் என்பது அது. சிறுவயதில் எந்த நிரையில் பால்மரத்தின் எந்தப் பக்கம் பாம்பைக் கண்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ‘நிரை, பாம்பு, மங்கு, ஓட்டம், தாத்தா’ என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டினாலே போதிய நீளம் வந்துவிடும். இங்கே அச்சான இதை எவரும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம்.

சாவியைப் பற்றி வாய் திறவாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பே. ஜப்பானில் அமகாசாகி என்னும் நகரில் 2022 ஜூன் மாதம் நடந்தது இது. நகராட்சியின் வேலையைச் செய்த ஒரு நிறுவனத்து ஊழியர், அந்நகர மக்கள் ஏறத்தாழ 4 இலட்சத்து 60 ஆயிரம் பேரின் விவரங்களைப் பென்டிரைவில் ஏற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் உணவகம் சென்று மது அருந்தி, தெருவிலேயே உறங்கிவிட்டார். விழித்தபோது பை இல்லை. சம்பள நாளன்று கள்ளுக்கடை வழியே வீடு திரும்பியவர் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையன்று. பென்டிரைவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது நல்லூழ். ஆனால் செய்தியாளர் கூட்டத்தில் நகராட்சி அதிகாரி ஒருவர், கடவுச்சொல் எழுத்தும் எண்ணும் கலந்த 13 குறிகள் கொண்டது என்று சொல்லிவிட்டார். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் சரியாகப் பதின்மூன்று வருகிறதே என்று நாடே கணக்குப் போட்டுச் சிரித்தது. இரண்டு மூன்று நாளில் பை கிடைத்தது.

பூட்டு வலியதாக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. உரிமையாளருக்கும் அது இரங்காது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஸ்டெஃபன் தாமஸ் என்னும் நிரலாளர், 7,002 பிட்காயின் என்னும் இணையப் பணத்தின் திறவுகோலை மறையாக்கம் செய்த பென்டிரைவில் வைத்திருந்தார். கடவுச்சொல் எழுதிய தாள் தொலைந்துபோயிற்று. பத்துமுறை தவறினால் கருவி நிரந்தரமாக மூடிக்கொள்ளும். எட்டுமுறை அவர் தவறிவிட்டார் என்று 2021 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது உலகம் வியந்தது. அப்போது அதன் மதிப்பு இருபது கோடி டாலருக்கு மேல். நம் பெட்டியில் கோடிகள் இல்லை. ஆயினும் பிட்லாக்கர் போடும்போது கணினி தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அச்செடுத்து, பென்டிரைவோடு சேர்க்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டியது இதனாலேயே. பென்டிரைவில் உள்ளது நகல் மட்டுமே என்பதையும் மறத்தலாகாது. ஆண்டுக்கணக்கில் செருகாமல் கிடந்தால் அதிலுள்ள விவரம் தானே மங்கிப்போவதும் உண்டு. அசல் தாள் அசல் தாளாகவே இருக்கட்டும்.

மறையாக்கம் காக்காத இடங்கள் இரண்டு உள. ஒன்று, நகல் கடை. பூட்டிய பென்டிரைவைக் கடைக் கணினியில் செருகிக் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டால், அக்கணத்தில் பெட்டி முழுவதும் அக்கணினியின் முன் திறந்து கிடக்கிறது. ஆகவே அச்செடுக்க வேண்டிய ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வேறொரு மலிவான பென்டிரைவில் ஏற்றிச் செல்வதே தக்கது. பெரிய பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். அடையாளக் கார்டு நகலின் குறுக்கே இரு கோடுகள் இழுத்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்கும் நல்வழக்கம் நம் மக்களிடம் முன்பே உண்டு. ஸ்கேன் செய்வதற்கு முன்பே அவ்வாறு எழுதிய நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் பெற்றவர் கைப்பேசியிலும் தங்கிவிடுகிறது என்பதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது.

மற்றொன்று, சாவியை உரிமையோடு வைத்திருப்பவர். 2019ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு ஒரு துயரச் செய்தியை வெளியிட்டது. எச்.ஐ.வி. கிருமி தொற்றிய 14,200 பேரின் பெயர், அடையாள எண், தொலைபேசி எண், முகவரி, மருத்துவ விவரம் ஆகியவை இணையத்தில் வெளியிடப்பட்டிருந்தன. அவர்களுள் 5,400 பேர் சிங்கப்பூரர். 8,800 பேர் வெளிநாட்டார். பிழைப்புக்காக அங்கே சென்ற வெளிநாட்டார் பலருக்கும் இச்செய்தி எத்தகைய அச்சத்தைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வேலையிடத்திலும் சொந்த ஊரிலும் தம் நோய் தெரிந்துவிடுமோ என்று அஞ்சியவருக்கு, கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது போல நோயை மாற்றிக்கொள்ள இயலாது. அப்பதிவேட்டைப் பார்க்கும் உரிமை பெற்றிருந்த மருத்துவ அதிகாரி ஒருவர் அதைத் தம்டிரைவில் இறக்கிவைத்து, அதைத் தம் வசம் காக்கத் தவறினார் என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அமைச்சகக் கதவை எவரும் உடைக்கவில்லை. அரசாங்கக் கணினிகளில் அனுமதியற்ற பென்டிரைவுகள் வேலை செய்யாதவாறு 2017ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டிருந்தது. பதிவேடு அதற்கு முன்பே வெளியேறிவிட்டது.

நிறுவனங்கள் நம் விவரங்களைக் காக்க வேண்டும் என்று மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. நம் சட்டைப் பையில் இருந்து நாமே தவறவிடும் பென்டிரைவைச் சட்டம் தேடித் தராது.

பிடோக்கில் அந்த வார இறுதியில் தம்பி புதுப் பென்டிரைவு ஒன்றை வாங்கிப் பூட்டினார். கடவுச்சொல் எழுதிய கோப்பை அடியோடு நீக்கினார். பழைய பென்டிரைவை, அது மலிவுதான், உடைத்தே போட்டார். பிறகு தாயாரைத் தொலைபேசியில் அழைத்து விளக்கியபோது, அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அதெல்லாம் சரி ஐயா, உனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பூட்டை எனக்கு யாரப்பா திறந்து தருவது?”

நம் விளக்கத்தில் விட்டுப்போயிருந்த இடத்தைத் தமக்கையார் சரியாகத் தொட்டுவிட்டார். விபத்தில் கணவரை இழந்தவருக்கு இது வெறும் ஐயமன்று. தம்பி மீட்பு எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் கையெழுத்திட்டு நம்மிடம் தந்தார். ஊர் திரும்பியதும் நாம் அதைத் தமக்கையாரிடம் ஒப்படைத்தோம். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிஸ்கட் டின்னைத் திறந்து, மரணப் பத்திரத்துக்கு அடியில் வைத்து மூடினார். பூட்டு இப்போது பாலத்துக்கு அப்பால் இருக்கிறது; சாவி இப்பால், தோட்டத்து வீட்டில்.